நின்றால் கொதிக்கும் வண்டி

மோட்டார் வண்டி ஒன்று ஓடும்போது குளிர்ந்தும், நிற்கும்போது கொதித்தும் இருப்பது முதற்பார்வைக்கு விந்தையாகவே தோன்றும். ஓடுகிறவனுக்கு வியர்ப்பது இயல்பு. உட்கார்ந்திருப்பவனுக்கு ஏன் வியர்க்க வேண்டும்? பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ் நேயர்களுள், சொந்தக் காரோ வாடகைக் காரோ வைத்திருப்போர் இன்று பலர். அவர்களுக்கு என்றேனும் ஒருநாள் இவ்வினா எழக்கூடும். நமக்கு அது கொச்சி மட்டாஞ்சேரியில், ஒரு சித்திரை மாதத்து நண்பகலில் எழுந்தது. விடை அறிந்தோர்க்கு இது சில நூறு ரூபாயில் தீரும் காரியம். அறியாதோர்க்கு இயந்திரத்தையே கழற்றிப் பிரிக்கும் அளவுக்கு வளர்ந்துவிடும் காரியம். நாம் இவ்விரண்டிற்கும் இடையே எங்கோ ஓரிடத்தில் தப்பினோம். எவ்வாறு தப்பினோம் என்பதைக் கூறும் வாயிலாகவே விஷயத்தை விளக்க முற்படுகிறோம்.

நாம் இயந்திரக் கல்வி கற்றவரல்லோம். கலைத்துறைப் பட்டம் பெற்று, மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் கோப்புகளை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் கொண்டு செல்வது நம் தொழில். பிறர் கையில் சில ஆண்டுகள் ஓடிய சிறு கார் ஒன்றை வாங்கி வைத்திருந்தோம். ஃபோர்ட் கொச்சியை அடுத்த வெளி என்னும் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுக்கும் துறை ஒன்று உண்டு. அதன் அருகே வாழும் நண்பர் ஒருவரைக் காண அன்று குடும்பத்தோடு புறப்பட்டோம்.

மட்டாஞ்சேரியின் பஜார் ரோடு வழியே சென்றது நம் பிழை. காயலை ஒட்டிச் செல்லும் அந்தக் குறுகிய தெருவின் இருமருங்கிலும் பழைய பண்டகசாலைகள். மிளகும் சுக்கும் அரிசியும் ஏற்றி இறக்கும் லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட்டால், பின்னால் வரும் வண்டிகள் யாவும் அது நகரும் வரை காத்திருக்க வேண்டியதே. காத்திருந்தோம். இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது, குளிரூட்டியும் ஓடிற்று. ஆயினும் அதிலிருந்து வந்த காற்று குளிர்ச்சியாக இல்லை. சற்று நேரத்தில் டாஷ்போர்டில், அலைகளின்மேல் மிதக்கும் வெப்பமானி போன்ற சிவப்பு அடையாளம் ஒன்று ஒளிர்ந்தது.

அதற்கு நான்கு நாள் முன்பிருந்தே மற்றொரு விளக்கும் ஒளிர்ந்துகொண்டிருந்தது என்பதை இங்கு ஒப்புக்கொள்ள வேண்டும். அது இயந்திரத்தின் உருவம் கொண்ட மஞ்சள் விளக்கு. வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது என்று அதனைப் பொருட்படுத்தாதிருந்தோம்.

இவ்விரு விளக்குகளும் வெவ்வேறு மொழி பேசுகின்றன. மஞ்சள் விளக்கு, ‘உள்ளே ஒரு குறையைக் கண்டு எழுதி வைத்திருக்கிறேன், வந்து படித்துப் பாருங்கள்’ என்று கூறுகிறது. அது நிலையாக ஒளிர்ந்தால், வேறு அறிகுறி ஏதும் இல்லாதவரை, மெல்ல ஓட்டிப் பட்டறைக்குச் செல்லலாம். விட்டுவிட்டு மின்னினால் சிலிண்டர்களுள் ஒன்றில் எரிபொருள் சரிவர எரியவில்லை என்று பொருள். எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள மாசகற்றும் கருவியைப் பழுதாக்கிவிடும் ஆதலால், வேகத்தைக் குறைத்து விரைவில் நிறுத்துவது நலம். சிவப்பு விளக்கோ படிக்கச் சொல்வதில்லை, நிறுத்தச் சொல்கிறது. இக்காலச் சிறு கார்கள் பலவற்றில் வெப்பம் காட்டும் முள்ளே கிடையாது. இயந்திரம் குளிர்ந்திருக்கையில் நீல விளக்கு, மிகச் சூடேறினால் சிவப்பு விளக்கு, இடைப்பட்ட நிலையில் மௌனம் என்பதே ஏற்பாடு. முள் இருந்த காலத்தில் அது மெல்ல ஏறுவதைக் கண்டு முன்கூட்டியே விழித்துக்கொள்ள முடிந்தது. இந்தச் சிக்கனம் நமக்கு உகந்ததாகத் தோன்றவில்லை.

சிவப்பைக் கண்டதும் இயந்திரத்தை நிறுத்தினோம். அதுவரை சரியே. பின்னர் பானெட்டைத் தூக்கி, நீர் குறைந்துவிட்டதோ என்று பார்க்கும் ஆவலில், ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியின்மீது கை வைத்தோம். லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தோளிலிருந்த சுமையோடு ஓடி வந்து, “சாரே, துறக்கல்லே!” என்று கூவினார். மலையாளத்தில் துறத்தல் என்றால் திறத்தல். தமிழில் அது துறவு. இரு பொருளிலும் அக்கணமே அம்மூடியைத் துறந்தோம்.

அவர் தடுத்தது எத்துணைப் பெரிய தீங்கு என்பது பின்னரே விளங்கிற்று. ரேடியேட்டர் மூடி வெறும் மூடியன்று. உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் ஒரு வால்வு. வெளிக்காற்றின் அழுத்தத்திற்கு மேல் ஏறத்தாழ அதே அளவு அழுத்தத்தை அது உள்ளே நிறுத்தி வைக்கிறது. அழுத்தம் மிகுந்தால் நீர் கொதிக்கும் நிலையும் உயரும். பிரஷர் குக்கரில் பருப்பு விரைவில் வேகும் காரணமும் இதுவே. திறந்த பாத்திரத்தில் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் நீர், இவ்வடைப்பினுள் 120 பாகையிலும் கொதியாமல் இருக்கும். மூடியைத் திறந்த மாத்திரத்தில் அழுத்தம் இறங்குகிறது; இறங்கியவுடன் உள்ளிருக்கும் நீர் ஒரே வேளையில் கொதித்து, ஆவியும் வெந்நீருமாக முகத்தை நோக்கிப் பாய்கிறது. துணி சுற்றிய கை அதற்கு ஒரு தடையே அன்று. இயந்திரம் நின்று அரைமணி நேரமாவது கழிந்து, மேற்குழாயைத் தொட்டால் கை பொறுக்கும் சூடாக இருந்தாலன்றி அம்மூடியைத் தீண்டலாகாது. கொதிக்கும் இயந்திரத்தின்மீது குடம் கொண்டு தண்ணீர் ஊற்றுவதும் கூடாது. சூடான உலோகம் திடீரெனக் குளிர்ந்தால் விரிசல் காணும்.

இனி, நின்றால் ஏன் கொதிக்கிறது என்பதற்கு வருவோம். எரிகின்ற பெட்ரோலின் ஆற்றலில் சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுவது சிறு பகுதியே. பெரும்பகுதி வெப்பமாகி, ஒரு பங்கு புகையோடு வெளியேற, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இயந்திரத்தின் சுவர்களில் தங்கிவிடுகிறது. அதை வெளியேற்றவே இயந்திரத்தைச் சுற்றிக் கூலன்ட் என்னும் திரவம் ஓடுகிறது. பம்பு ஒன்று அதைச் செலுத்த, இயந்திரம் போதிய சூடு பெறும் வரை மூடியிருந்து 80, 90 பாகை அளவில் திறக்கும் தெர்மோஸ்டாட் என்னும் கதவைக் கடந்து, முன்புறத்து ரேடியேட்டருக்கு அது வருகிறது. அங்குள்ள மெல்லிய தகடுகளிடையே காற்றுப் புகுந்து சூட்டை வாங்கிச் செல்கிறது.

ஆகவே இயந்திரத்தைக் குளிர்விப்பது நீரன்று, காற்றே. நீர் சூட்டைச் சுமந்து வருகிற கூலியாள் மட்டுமே. வண்டி 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது காற்று தானாகவே முன்புறத்தில் மோதி இலவசமாக இவ்வேலையைச் செய்துவிடுகிறது. வண்டி நின்றவுடன் அக்காற்றும் நிற்கிறது. அப்போது உண்டாகும் வெப்பம் குறைவே எனினும், அதை அகற்றுவாரின்றிச் சிறுகச் சிறுகச் சேர்கிறது. அவ்வேளையில் காற்றை இழுத்துத் தருவதற்கென்றே ரேடியேட்டரின் பின்னே ஒரு விசிறி வைத்திருக்கிறார்கள். எனவே ஓடும்போது குளிர்ந்து நிற்கும்போது கொதிக்கும் வண்டியில் முதலில் ஐயுற வேண்டியது விசிறியையே. இதற்கு மாறாக, நெடுஞ்சாலையில் விரைந்து செல்லும்போது சூடேறினால், காற்றுக்குக் குறைவில்லை ஆதலால், குறை நீரோட்டத்தில் இருக்கும்: அடைபட்ட ரேடியேட்டர் குழல், திறக்க மறுக்கும் தெர்மோஸ்டாட், உள்வாங்கிச் சுருங்கிய ஹோஸ் குழாய் போன்றவை.

2014-ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் வண்டியை ஓட்டிய மூத்த நேயர்கள், தோல்வார் போன்ற பெல்ட்டினால் இயந்திரமே சுழற்றிய விசிறியை நினைவுகூர்வார்கள். பெல்ட் அறுந்தாலன்றி அது நிற்காது. அறுந்தாலோ கண்ணுக்குத் தெரியும். இன்றைய கார்களில் இயந்திரம் குறுக்குவாட்டில் அமைந்திருப்பதால் விசிறிக்குத் தனியே மின் மோட்டார் வைத்துவிட்டார்கள். வெப்ப உணரி சூட்டை அளந்து கணினிக்குச் சொல்லும். 95 அல்லது 100 பாகையை ஒட்டி அக்கணினி ரிலே என்னும் மின்கதவுக்கு ஆணையிடும். ரிலே திறந்து மின்சாரத்தை விடும். அது ஃபியூஸ் வழியாக மோட்டாரை அடையும். அலுவலகக் கோப்பு ஒன்று மேசை மேசையாகச் செல்வதைப் போன்றதே இது. எந்த மேசையில் தேங்கினாலும் விளைவு ஒன்றே, விசிறி சுழலாது. எந்த மேசை என்று காண்பதே நோயறிதல்.

நாம் முதலில் சென்ற பட்டறையில் இது நடைபெறவில்லை. கணினியோடு ஒரு கருவியை இணைத்து விளக்கை அணைத்தார்கள், கூலன்ட்டை மாற்றினார்கள், புதிய தெர்மோஸ்டாட் ஒன்றைப் பொருத்தி, நமது மாதச் சம்பளத்தில் உறைக்கத்தக்க ஒரு தொகைக்கு ரசீது தந்தார்கள். மஞ்சள் விளக்கு இரண்டு நாள் அணைந்திருந்து மூன்றாம் நாள் மீண்டும் ஒளிர்ந்தது. அவர்கள் அக்குறிப்பை அழித்தார்களே அன்றிப் படித்தார்களா என்பது ஐயமே. காய்ச்சல் காட்டும் கண்ணாடிக் குழாயை உதறி வைத்துவிட்டால் காய்ச்சல் இறங்கிவிடுமா?

அக்குறிப்பைப் படிப்பது இன்று அரிய வித்தையன்று. இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 விதிகளின்கீழ் 2010 ஏப்ரலில் முதல் நிலையாகவும், 2013 ஏப்ரலில் விரிவான இரண்டாம் நிலையாகவும், வண்டி தன் குறைகளைத் தானே கண்டு பதிந்துகொள்ளும் ஏற்பாடு கட்டாயமாயிற்று. ஸ்டியரிங்கின் அடியில் 16 ஊசித் துளைகள் கொண்ட ஒரு செருகுவாய் இருக்கும். அதில் கருவியைச் செருகினால் பி என்னும் எழுத்தும் நான்கு இலக்கங்களும் கொண்ட எண் வெளிப்படும். நம் பொருளோடு தொடர்புடையவை சில: பி0217 என்றால் இயந்திரம் மிகச் சூடேறிற்று, பி0128 என்றால் தேவையான சூட்டை எட்டவில்லை, தெர்மோஸ்டாட் திறந்தபடி நின்றிருக்கலாம், பி0117, பி0118 இரண்டும் வெப்ப உணரியின் மின்சுற்றில் கோளாறு, பி0480 என்றால் விசிறியை இயக்கும் கட்டளைச் சுற்றில் கோளாறு. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. இவ்வெண் தெருவின் பெயரைத்தான் கூறும். வீட்டின் எண்ணைக் கூறாது. பி0480 கண்டவுடன் புதிய விசிறி மோட்டார் வாங்கி மாட்டிப் பணத்தை இழந்தவர்கள் உண்டு.

இரண்டாவதாக, தோப்பும்படியில் ஒரு சிறு பட்டறைக்குச் சென்றோம். அங்கிருந்த மெக்கானிக் கருவியை எடுக்குமுன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: எப்போது சூடாகிறது, நிற்கும்போதா, ஓடும்போதா? நிற்கும்போது என்றோம். ஏ.சி. காற்றும் நிற்கும்போது மட்டும் சூடாக வருகிறதா என்றார். ஆம், கொச்சியின் புழுக்கம் என்று எண்ணியிருந்தோம் என்றோம். அவர் சிரித்துவிட்டார். குளிரூட்டியின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால்தான் இருக்கிறது. இரண்டிற்கும் காற்றுத் தருவது பெரும்பாலும் அதே விசிறி. ஆகவே நெரிசலில் நிற்கும்போது ஏ.சி. தளர்ந்து, வண்டி நகர்ந்தவுடன் குளிர்வது, சிவப்பு விளக்கு எரிவதற்குப் பல நாள் முன்னதாகவே வரும் எச்சரிக்கை. நேயர்கள் இவ்வொன்றையேனும் நினைவில் வைத்திருப்பது பயன் தரும்.

அவர் செய்த சோதனைகளை வீட்டிலும் ஓரளவு செய்து பார்க்கலாம். இயந்திரம் குளிர்ந்திருக்கையில் அதை இயக்கி ஏ.சி.யைப் போட்டார். பெரும்பாலான கார்களில், இயந்திரம் சூடேறாதிருப்பினும், ஏ.சி. போட்டவுடன் கணினி விசிறியை ஓட்டும். அப்போது சுழன்றால் மோட்டார் நலமே. வெப்ப உணரியையோ அதன் கம்பியையோ நோக்க வேண்டும். சுழலாவிடில் மோட்டார், ஃபியூஸ், ரிலே, இணைப்பு என்று தேட வேண்டும். நம் வண்டியில் சுழலவில்லை. ஃபியூஸை எடுத்துப் பார்த்தார், முழுமையாக இருந்தது. பாட்டரியிலிருந்து தனிக் கம்பி இழுத்து மோட்டாருக்கு நேரே மின்சாரம் கொடுத்தார். விசிறி சீறிக்கொண்டு சுழன்றது. மோட்டாரில் குறையில்லை. ஹாரனுக்கு உரிய ரிலேயும் அதே வகையாக இருந்ததால் அதைக் கழற்றி விசிறியின் ரிலே இருந்த இடத்தில் வைத்தார், அப்போதும் சுழலவில்லை. ரிலேயும் நலமே. பின்னர் அந்த ரிலே அமரும் குழியை விளக்கொளியில் காட்டினார். செப்பு முனை ஒன்றின்மீது பச்சைக் களிம்பு பூத்திருந்தது.

மட்டாஞ்சேரியில் கடற்காற்று ஓயாது வீசுகிறது. இடவப்பாதி தொடங்கிவிட்டால் தெருக்களில் நீர் தேங்குவதும் வழக்கமே. ஈரமும் உப்பும் கூடினால் செம்பு களிம்பு ஏறும். களிம்பு மின்சாரத்தை விடாது. கணினி இட்ட ஆணை அக்களிம்பில் தேங்கியிருந்தது. கருவியைச் செருகிப் பார்த்தபோது பி0480 என்றே காட்டிற்று. அதாவது மஞ்சள் விளக்கு நான்கு நாளும் உண்மையைத்தான் கூறிவந்திருக்கிறது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாமே அதைப் பெயர்த்துக்கொள்ளவில்லை.

விசிறி ஒழுங்காகச் சுழன்றும் நிற்கையில் சூடேறும் வண்டிகளும் உண்டு. ரேடியேட்டர் தகடுகளிடையே தூசியும் பூச்சியும் அடைந்திருக்கலாம். தேய்ந்த பம்பு, இயந்திரம் மெல்லச் சுழலும்போது போதிய நீரைத் தள்ளாதிருக்கலாம். கூலன்ட் ஒழுகிக் குறைந்து, குழாயில் காற்று தங்கியிருக்கலாம். மூடியின் ரப்பர் தேய்ந்து அழுத்தம் நிற்காது போவதும் உண்டு. அஞ்சத்தக்கது ஒன்றே: ஹெட் காஸ்கெட் போய்விடுதல். இயந்திரத்தின் தலை அலுமினியத்தால் ஆனது. அடியிலுள்ள உடல் இரும்பாயின், அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியும். அளவு மீறிச் சூடேறினால் அத்தலை வளைந்து இடையிலுள்ள காஸ்கெட் பிளக்கும். ரிசர்வ் பாத்திரத்தில் ஓயாது குமிழி எழுவதும், சூடான பின்னும் புகைக்குழாயில் வெண்புகை வருவதும், எண்ணெய் மூடியின் உட்புறம் பாலாடை போல் வெளுத்திருப்பதும் அதன் அறிகுறிகள். சிவப்பு விளக்கைக் கண்ட பின்னும் ‘இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே’ என்று ஓட்டுவோர்க்கு வாய்ப்பது இதுவே. கொச்சியிலிருந்து மூணாறு, போடிமெட்டு வழியாகத் தேனிக்குச் சொந்த வண்டியில் ஊர் திரும்புவோர் பலர். அம்மலைப் பாதையில் குறைந்த வேகத்தில் நிறைந்த பாரத்தோடு ஏறும்போது, காற்றுக் குறைவும் மிகுந்த வெப்பமும் ஒருங்கே நேர்கின்றன. விசிறி பழுதாயிருப்பின் அங்கே தெரியவரும். குழந்தைகளோடு இரவில் தெரியவருவது நன்றன்று.

நெரிசலில் சூடு ஏறுவதை முன்னரே உணர்ந்தால், சிவப்பு விளக்கு எரியுமுன், ஏ.சி.யை நிறுத்திவிட்டு ஹீட்டரை முழுதாகத் திறந்து வைக்கலாம். ஹீட்டரும் ஒரு சிறு ரேடியேட்டரே. இயந்திரத்தின் சூட்டை வண்டிக்குள் கொட்டும். சித்திரை வெயிலில் இது தண்டனை போன்றதுதான். ஆனால் இயந்திரத்திற்குச் சற்று மூச்சு விடக் கிடைக்கும்.

கூலன்ட் பற்றி ஒரு சொல். இதை ‘உறைதல் தடுப்பான்’ என்று பெயர்த்துச் சிலர் எழுதுவதால், பனி பெய்யாத கொச்சிக்கு இது எதற்கு என்று வெறும் நீரை ஊற்றுவோர் உண்டு. பெயர்ப்பில் நேர்ந்த தீங்கு இது. கொதிநிலையை உயர்த்துவதும், துருவைத் தடுப்பதும் அதன் பணிகளே. வெப்ப நாட்டில் நமக்கு வேண்டியவை இவ்விரண்டுமே. அதைப் பாதிக்குப் பாதி வாலை வடித்த நீரில் கலக்க வேண்டும். கடலோரக் கிணற்று நீரின் உப்பு, குழல்களை உள்ளிருந்து அரிக்கும். நிறம் ஒத்திருப்பதை மட்டும் பார்த்து வெவ்வேறு வகைகளைக் கலப்பதும் தவறு. வண்டியோடு வந்த கையேடு கூறும் வகையையே வாங்க வேண்டும்.

கேரளத்தில் வாழும் நேயர்கள் பட்டறையில் சொல்வதற்கு இரண்டு வாக்கியங்களைத் தருகிறோம். “நிர்த்தியிடும்போள் சூடாகுன்னு, ஓடும்போள் குழப்பமில்ல” என்பது ஒன்று. இங்கே குழப்பம் என்றால் கோளாறு, மனக்குழப்பம் அன்று. “ஃபான் கறங்ஙுன்னில்ல” என்பது மற்றொன்று. கறங்குதல் என்றால் சுழலுதல். காற்றாடியைக் கறங்கு என வழங்கிய நம் பழந்தமிழ்ச் சொல், தமிழகத்தில் நிகண்டுக்குள் உறங்க, தோப்பும்படியில் எண்ணெய்க் கறை படிந்த வாய்களில் நாள்தோறும் புழங்குகிறது. எந்த மாநிலத்தில் இருப்பினும், எப்போது சூடாகிறது, எவ்விளக்கு முதலில் எரிந்தது, ஏ.சி. எவ்வாறு இருந்தது என்னும் மூன்றையும் அவ்விடத்து மொழியில் சொல்லப் பழகிக்கொண்டால், மெக்கானிக்கின் பாதி வேலை முடிந்துவிடும்.

அந்த மெக்கானிக் களிம்பைச் சுரண்டித் துடைத்து, முனையை இறுக்கி, ஈரம் புகாதபடி கிரீஸ் தடவினார். கால் மணி நேரம் வண்டியை நின்ற நிலையிலேயே ஓடவிட்டார். விசிறி சுழன்று நின்றது; மீண்டும் சுழன்றது. இருமுறை அவ்வாறு கண்ட பின்னரே குறிப்பை அழித்து மஞ்சள் விளக்கை அணைத்தார். கூலியாக முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, விசிறியின் அருகே கையையோ துண்டையோ கொண்டுசெல்ல வேண்டாம், இயந்திரம் நின்றிருந்தாலும் அது திடீரெனச் சுழலும் என்று எச்சரித்தார். ஆண்டுதோறும் மழைக்கு முன் அக்குழியைத் திறந்து பார்க்கவும் சொன்னார். அன்று மாலை அதே பஜார் ரோட்டில், வேறொரு லாரியின் பின்னே இருபது நிமிடம் நின்றோம். ஏ.சி. காற்று குளிர்ந்தே வந்தது.